ஈரப்பதம்

முதலில் பார்த்தது நூலக மாடி.
இருபத்திரண்டு படி.
எண்ணியது நானில்லை, உமையாள்.
"அப்ப இருபத்திரண்டு தடவை
யாரையாவது கும்பிடணும் நான்" என்றாள்.
மாடி அத்தோடு போயிற்று.

கோயில் மண்டபம் சும்மாவே கிடைக்கும் என்று
ஒருவர் இழுத்தார்.
கீழத்தெருவிலிருந்து வந்திருந்த மூன்று பேர்
ஒரே நேரத்தில்
செல்போனை எடுத்துப் பார்த்தார்கள்.
அதுவும் போயிற்று.

கொரடாச்சேரிக்குத் தெற்கே
நெல் கொள்முதல் நிலையம்.
ஆடி மாதம்; குறுவை அறுப்புக்கு நாள் கிடந்தது.
மூட்டை வண்டிக்குப் போட்ட சாய்தளத்தில்
உமையாளின் சக்கர நாற்காலி
யார் கையும் படாமல் ஏறியது.
நெல்லுக்குச் செய்த மரியாதை.
அதில் நாங்களும் கொஞ்சம் எடுத்துக்கொண்டோம்.

ஆறு மணி என்று அச்சடித்துவிட்டேன்.
"ஆறு மணிக்குக் கவிதைன்னா
அடுப்பு என்ன தானா எரியுமா?"
களை பறித்த சேற்றுக்காலோடு கேட்டாள் தில்லையம்மாள்.
இருநூறு நோட்டீசிலும் பேனாவால்
நாலரை ஆக்கினேன்.
படிக்க வராதவர்களுக்கு
ஜெகபர் அலியின் மீன்வண்டி:
"கெண்டை, கெளுத்தி, விரால்,
ஞாயித்துக்கிழமை கவிதை..."
கிலோ என்ன விலை என்று
இரண்டு பேர் போன் செய்தார்கள்.
ஒருவர் வந்தேவிட்டார்.

கடைசிப் பேருந்து ஏழு ஐம்பது.
ஆகவே வரவேற்புரை இல்லை,
தலைவர் இல்லை, பொன்னாடை இல்லை.
பொன்னாடைக் காசில்
கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், வாளி, ஒரு பல்பு.
கூரைக் கம்பியில் இரண்டு தூளி.
பிள்ளை அழுதால்
வாசிக்கிறவர் நிறுத்த வேண்டாம்,
அழுகிறவரும் நிறுத்த வேண்டாம்.

அம்மியே பறக்கிற மாதத்தில்
தாள் எம்மாத்திரம்.
ஆளுக்கொரு எடைக்கல் கொடுத்தார்
நிலையத்து எழுத்தர் கந்தப்பன்.
இரண்டு கிலோ, ஐந்து கிலோவின் கீழே
வெள்ளைத்தாள்கள் படபடத்துக் கிடந்தன.

நேற்று தூக்கியதில் எது கனம்?
இதுதான் கேள்வி.
சுமைக்காரர் வைரக்கண்ணு எழுத மாட்டேன் என்றார்;
அவர் சொல்லச் சொல்ல
ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுதினாள்:
"மூட்டை எறங்கிடுச்சு.
தோளு இன்னும் எறங்கல."
பிழை திருத்தப் போன என் பேனாவை
அவள் தள்ளிவிட்டாள்.
"அவரு அப்படித்தான் சொன்னாரு."

படிகளைப் பற்றித்தான் உமையாள் வாசிப்பாள் என்று
முகத்தைத் தயாராக வைத்திருந்தோம்.
அவள் வாசித்தது
பால்பாக்கெட் திருடும் ஒரு பூனையைப் பற்றி.

காது கேளாத சித்திரவேலு
எழுந்து நின்று கைகளால் சொன்னான்.
அவன் தங்கை எங்களுக்காகப் பேசிக்கொண்டே வந்தாள்:
மதகு திறக்குது... தண்ணி வருது...
முன்னால நுரை, செத்தை, ஒத்தைச் செருப்பு...
பிறகு நிறுத்திவிட்டாள்.
"இதுக்கு எங்கிட்ட வார்த்தை இல்ல. பாத்துக்கங்க."
பார்த்துக்கொண்டோம்.
முடிந்ததும் யாரும் தட்டவில்லை;
அவள் காட்டியபடி கைகளை உயர்த்தி
விரல்களை அசைத்தோம்.
நாற்று மாதிரி என்று சொல்ல வந்தவரைப்
பக்கத்தில் இருந்தவர் கிள்ளினார்.

பக்கிரிசாமிக்குப் பார்வை மங்கல்.
பெரிய எழுத்தில் தாள் எடுக்க மறந்திருந்தேன்.
"பரவால்ல" என்றார்.
பரவாயில்லை இல்லை அது.
அடுத்த மாதக் குறிப்பில் முதல் வரியாக
எழுதிக்கொண்டேன்.

மதலைமேரி மூன்று மணி நேரமும்
ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.
வாசிக்கவில்லை. டீ மட்டும் இரண்டு தடவை.
பேருந்து ஹாரன் கேட்டதும் ஓடினவள்
பாதியில் திரும்பி வந்து
இடுப்பில் செருகியிருந்த தாளை நீட்டினாள்.
வியர்வையில் ஊறி
மசி பரவியிருந்தது.

மேஜைமேல் ஈரமானி.
பதினேழு சதவீதத்துக்கு மேல் போனால்
திருப்பி அனுப்பப்படும் என்று
சுவரில் எழுதியிருக்கிறது.

வாங்கிக்கொண்டேன்.